அகர வரிசையில் பணம் கட்டிய ஊர்: ஒரு செக்பாக்ஸ் (டிக் போடும் சின்னக் கட்டம்) படிவம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2022இல் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12க்கு 19 நாள் முன்னதாக. டெல்டாவில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், விதைநெல் பட்டியல் போடுகிறவர்களைத் தவிர. ஜூன் முதல் வாரத்தில் நிதானமாகச் செய்யலாம் என்று வைத்திருந்த வேலை அத்தனையும் நாலைந்து நாளுக்குள் வந்து விழுந்தது. நான் எழுதிய வெப் அப்ளிகேஷனும் அந்த அவசரத்தில் பிறந்ததுதான். அவசரத்தைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க வரவில்லை. நிதானமாக எழுதியிருந்தாலும் இதே பிழையைச் செய்திருப்பேன், ஏனென்றால் அப்போது எனக்கு விஷயமே தெரியாது.

இடம் நீடாமங்கலத்துப் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். 62 பேர் கொண்ட ஒரு சின்ன உழவர் குழு. குறுவைக்கு விதைநெல்லை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். அதுவரை எல்லாம் ஒரு நீளக் கணக்கு நோட்டில்தான். கணக்கு எழுதும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். குழுச் செயலாளர் எனக்குத் தூரத்துச் சொந்தம். தஞ்சாவூரில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது தெரிந்து, "தம்பி, போன்லயே பேர் குடுக்கற மாதிரி ஒண்ணு போட்டுக் குடேன்" என்றார். இரண்டு இரவில் எழுதினேன். சர்வரில் ஓடும் நிரலுக்கு பிஹெச்பி மொழி, தகவலைச் சேமிக்க மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், மாதவாடகை ஹோஸ்டிங். ஃபிரேம்வொர்க் (பாதி வேலையைத் தயாராகச் செய்து தரும் கட்டமைப்பு) எதுவும் இல்லை.

இரண்டு படிவங்கள். முதலாவது உழவர்கள் நிரப்புவது: பெயர், எத்தனை மா நிலம், எந்தெந்த நெல் ரகம். ரகத்துக்கு நான்கு செக்பாக்ஸ், ஏடிடி 36, ஏடிடி 43, கோ 51, ஏஎஸ்டி 16 என்ற வரிசையில். இரண்டாவது அக்காவுக்கு மட்டும்: 62 பேரும் அகர வரிசையில் ஒரே அட்டவணையாக வருவார்கள். ஒவ்வொரு வரியிலும் பரப்பைத் திருத்த ஒரு பெட்டி, பக்கத்தில் 'பணம் கட்டியாச்சு' என்று ஒரு செக்பாக்ஸ். கடைசியில் ஒரே ஒரு 'சேமி' பொத்தான்.

முதல் படிவத்தின் பிழை

இது சீக்கிரமே பிடிபட்டது. பிடித்தது நான் இல்லை, செயலாளர்.

"நம்ம ஊர்ல ஏஎஸ்டி 16 இத்தனை பேரு எந்தக் காலத்துல தம்பி போட்டாங்க?"

ஏஎஸ்டி 16 இட்லிக்குப் போகும் குண்டு ரகம். போடுகிறவர்கள் உண்டு, ஆனால் அத்தனை பேர் இல்லை. பட்டியலில் முதலில் இருந்த ஏடிடி 36ஐ அநேகமாக யாருமே கேட்கவில்லை. கடைசியில் இருந்த ரகத்துக்குக் கூட்டம். பார்த்ததும் உறைத்திருக்க வேண்டும். நான்கு செக்பாக்ஸுக்கும் 'ரகம்' என்று ஒரே பெயர் வைத்திருந்தேன். ஒருவர் இரண்டு ரகத்தை டிக் செய்தால் பிரவுசர் இரண்டையும் ஒழுங்காகத்தான் அனுப்பும். வாங்கிக்கொள்ளும் பிஹெச்பிதான், அதே பெயரில் அடுத்தது வந்ததும் முந்தியதை அழித்து எழுதிவிடும். கடைசியில் வந்தது நிற்கும். பெயருக்குப் பின்னால் ஒரு சதுர அடைப்புக்குறி, அதாவது 'ரகம்[]' என்று வைத்தால் எல்லாவற்றையும் அரேயாக, அதாவது வரிசையான பட்டியலாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டு எழுத்துத் திருத்தம்.

இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குணம் உண்டு. பைத்தான் மொழியில் ஃபிளாஸ்க், ஜாங்கோ என்று இரண்டு ஃபிரேம்வொர்க் உண்டு. ஃபிளாஸ்க்கிடம் சாதாரணமாகக் கேட்டால் முதலாவதைக் கொடுக்கும். ஜாங்கோ கடைசியைக் கொடுக்கும். எல்லாம் வேண்டுமென்றால் இரண்டிலுமே 'கெட்லிஸ்ட்' என்று கேட்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் பக்கம் எக்ஸ்பிரஸ் என்ற ஃபிரேம்வொர்க் இன்னொரு விதம்: ஒன்று மட்டும் வந்தால் வெறும் எழுத்துச் சரம், இரண்டு வந்தால் அரே. எப்போதும் அரேதான் வரும் என்று நினைத்துக்கொண்டு 'இதில் 6 இருக்கிறதா' என்று தேடினால், தனியாக வந்த 16இலும் 6 கிடைத்துவிடும். தெரிந்துகொண்டால் போதும், இதில் பெரிய ஆழம் இல்லை. 62 பேருக்கும் திரும்ப போன் செய்து ரகம் கேட்டு வாங்கியதுதான் பெரிய வேலையாக இருந்தது.

திண்ணையில் நடந்தது

விதை மூட்டைகள் வந்து இறங்கிய நாளுக்கு முந்தின இரவு, அக்கா நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பணம் கட்டிய 23 பேரையும் ஒரே மூச்சில் டிக் செய்து சேமித்தார். 'சேமிக்கப்பட்டது, பணம் கட்டியவர்கள்: 23' என்று பக்கம் சொன்னது. நோட்டிலும் 23. நிம்மதியாகப் படுத்துவிட்டார். காலையில் செயலாளர் பட்டியலை அச்செடுத்து, திண்ணையில் உட்கார்ந்து மூட்டை கொடுக்க ஆரம்பித்தார். ஏக்கருக்கு ஒரு 30 கிலோ மூட்டை, அதாவது மூன்று மாவுக்கு ஒன்று.

முதல் எட்டு மூட்டை பிரச்சினை இல்லாமல் போனது. ஒன்பதாவதாக வந்த பெரியவர்தான் ஊரிலேயே முதலில் பணம் கட்டியவர். பட்டியலில் அவருக்கு நேரே 'இல்லை' என்று இருந்தது. அப்புறம் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு போன் வந்தது.

"தம்பி, கட்டினவர் பேர்ல கட்டலைன்னு வருது, கட்டாதவன் பேர்ல கட்டிட்டான்னு வருது. உன் மிஷின் பொய் சொல்லுதா, எங்க நோட்டு பொய் சொல்லுதா?"

"நோட்டைப் பார்த்தே குடுங்கண்ணே. நான் வந்துடறேன்."

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போதே போனில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு வினோதம். மேலிருந்து முதல் 23 பேரும் வரிசையாகப் பணம் கட்டியிருந்தார்கள். இருபத்து நான்காவது ஆளிலிருந்து கடைசி வரை ஒருவர்கூடக் கட்டவில்லை. பட்டியலோ அகர வரிசை. அதாவது 'அ'வில் தொடங்குகிறவர்கள் எல்லாம் நாணயஸ்தர்கள். 'வ'வில் தொடங்கும் யாருமே பணம் கட்டாத ஊர். இப்படி ஓர் ஊர் இருக்க முடியாது.

காரணம்

டிக் செய்யாத செக்பாக்ஸைப் பற்றிப் பிரவுசர் சர்வரிடம் ஒன்றுமே சொல்லாது. 'இல்லை' என்று சொல்லாது, பூஜ்யம் அனுப்பாது, காலியாகக்கூட அனுப்பாது. அந்தப் பெயரே வராது. காலியான எழுத்துப் பெட்டி அப்படியில்லை. பெயரும் வெறுமையான மதிப்புமாக வந்து சேரும். இது இன்று நேற்று வந்த பிழை இல்லை. 1995இல், வெப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் இரண்டாம் பதிப்பில் படிவங்களை வரையறுத்தபோதே இப்படித்தான்.

குழுக் கூட்டத்தில் 'பவர் டில்லர் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள்' என்று சொல்வதைப் போன்றது இது. தூக்கிய கைகளை எண்ணலாம். தூக்காதவர் வேண்டாம் என்றாரா, வெற்றிலை போட வெளியே போனாரா, கூட்டத்துக்கே வரவில்லையா என்று கைகளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு வருகைப் பதிவேடு வேண்டும்.

என் படிவத்தில் ஒவ்வொரு வரியிலும் மூன்று தகவல்: உறுப்பினர் எண் (கண்ணுக்குத் தெரியாத ஹிட்டன் ஃபீல்டு), பரப்பு, பணம். மூன்றுக்கும் பின்னால் அடைப்புக்குறி போட்டிருந்தேன். முதல் படிவத்தில் படித்த பாடத்தை உற்சாகமாக எல்லா இடத்திலும் பூசியதன் விளைவு. நான்கே பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவரும் நான்காமவரும் பணம் கட்டியவர்கள். பிரவுசர் அனுப்புவது இது (வாசிக்க வசதியாகப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன்):

எண்[]=1&பரப்பு[]=6&எண்[]=2&பரப்பு[]=3&பணம்[]=ஆன்&எண்[]=3&பரப்பு[]=9&எண்[]=4&பரப்பு[]=4&பணம்[]=ஆன்

இதை அப்படியே இடமிருந்து வலமாகப் படித்தால் யார் கட்டினார் என்பது தெளிவாகத் தெரிகிறது. 2க்குப் பின்னால் ஓர் 'ஆன்', 4க்குப் பின்னால் ஓர் 'ஆன்'. செக்பாக்ஸுக்கு மதிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் பிரவுசர் தானாகப் போட்டுக்கொள்ளும் மதிப்புதான் அந்த 'ஆன்'. பிஹெச்பி இதை வாங்கி மூன்று தனி அரேக்களாகப் பிரிக்கிறது. எண்ணில் நான்கு, பரப்பில் நான்கு, பணத்தில் இரண்டு. எங்கள் பக்கத்து மூணாறு தலைப்பை (ஆறு பிரியும் இடம்) பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. பிரிந்த பிறகு, பாமணியாற்றில் போகிற தண்ணீர் கோரையாற்றில் போகிற எந்தத் தண்ணீருக்குப் பின்னால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

என் நிரலோ ஒன்றாம் எண்ணுக்கு ஒன்றாம் பணம், இரண்டாம் எண்ணுக்கு இரண்டாம் பணம் என்று ஜோடி சேர்த்துக்கொண்டு போனது. இரண்டு 'ஆன்'களும் முதல் இரண்டு பேருக்குப் போய்விட்டன. மூன்றாவதும் நான்காவதும் அரேயிலேயே இல்லை, ஆகவே 'கட்டவில்லை'. 62 பேருக்கு இதே கணக்கு ஓடியபோது 23 டிக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன.

எண்ணிக்கை மாறவே இல்லை, கவனியுங்கள். 23 போட்டால் 23தான் வந்தது. அக்கா சரிபார்த்ததும் அந்த ஒரு எண்ணைத்தான். நான் சோதித்ததும் அதைத்தான். போதாக்குறைக்கு, என் சோதனையில் முதல் மூன்று வரிகளை டிக் செய்து பார்த்தேன். மேலிருந்து தொடர்ச்சியாக டிக் செய்தால் இந்தப் பிழை ஒருபோதும் தெரியாது. நடுவில் ஒரு வரியைத் தாண்டி டிக் செய்திருந்தால் முதல் இரவே சிக்கியிருக்கும். சோம்பேறித்தனமான சோதனை இப்படித்தான் நம்மை ஏமாற்றும்; கை தானாக முதல் வரிக்குத்தான் போகிறது.

பழைய விவரத்தை மீட்க முடியுமா என்று பார்த்தேன். பிரவுசர் அனுப்பிய மூல வரியை எங்கும் பதிவு செய்யவில்லை. டேட்டாபேஸில் இருந்தது இடம் மாறிய டிக்குகள் மட்டும். அக்காவின் நோட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கதை முடிந்தது. கொடுத்துவிட்ட எட்டில் மூன்று மூட்டை பணம் கட்டாதவர்களுக்குப் போயிருந்தது. மூவரும் சாயங்காலத்துக்குள் கட்டிவிட்டார்கள். அதில் ஒருவர், "பேரு இருக்குன்னாங்க, பையன் ஜிபே பண்ணிருப்பான்னு நெனச்சேன்" என்றார். நம்பத்தான் வேண்டும்.

திருத்தங்கள், அவற்றின் பிழைகள்

அன்று மதியமே ஒரு திருத்தம் போட்டேன். ஒவ்வொரு செக்பாக்ஸுக்கும் முன்னால் அதே பெயரில் ஒரு ஹிட்டன் ஃபீல்டு, மதிப்பு 0. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க் தானாகவே செய்து கொடுக்கும் வேலை இது என்று எங்கோ படித்திருந்தேன். டிக் இல்லாவிட்டால் 0 வரும், இருந்தால் பின்னால் வரும் 1 அதை அழித்து எழுதும். யோசனை சரி. ஆனால் என் பெயர்களில் அடைப்புக்குறி இருந்ததே! அங்கே எதுவும் எதையும் அழிக்காது, எல்லாம் வரிசையில் சேரும். டிக் உள்ள ஒவ்வொருவருக்கும் 0, 1 என இரண்டு வர, 62 இருக்க வேண்டிய இடத்தில் 85 வந்தது. முந்தியதைவிட மோசம். நல்லவேளை, வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

சரியான வழி, அடைப்புக்குறிக்குள் உறுப்பினர் எண்ணையே வைப்பது: பணம்[17]. இப்போது டிக் தன் ஆளைத் தானே சொல்லிவிடும், வரிசை எப்படிப் போனாலும் கவலையில்லை. இடப்பெயர்ச்சி அதோடு நின்றது.

உடனே அடுத்தது. நான்கு நாள் கழித்து அக்கா கூப்பிட்டு, "ஒருத்தர் பணத்தைத் திருப்பி வாங்கிட்டாரு தம்பி. டிக்கை எடுத்துட்டுச் சேமிச்சா மறுபடி வந்து நிக்குது" என்றார். வந்து நிற்கத்தானே செய்யும். வந்த டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து 'கட்டியாச்சு' என்று எழுதும் நிரல் அது. எடுத்த டிக் வராது. வராததை நிரல் தொடாது. பழைய 1 அப்படியே இருக்கும்.

முதலில் எல்லோரையும் 0 ஆக்கிவிட்டு, வந்தவர்களை மட்டும் 1 ஆக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்குள் தெருவாரியாகப் பார்க்கும் வசதி ஒன்றைச் சேர்த்திருந்தேன். மேலத்தெருவை மட்டும் திறந்து சேமித்தால், திரையில் இல்லாத கீழத்தெருவுக்கே கடன் ஏறிவிடும். யாரைக் கேட்டோம் என்ற பதிவேடு இல்லாமல் யார் 'இல்லை' என்றார் என்று முடிவு செய்வதுதான் இது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதிவேடு என் படிவத்திலேயே முதலிலிருந்து இருந்தது: ஒவ்வொரு வரியிலும் இருக்கும் ஹிட்டன் உறுப்பினர் எண். நிரலை அந்த எண்களின் மேல் ஓடும்படி மாற்றினேன். திரையில் காட்டியவர் ஒவ்வொருவரையும் எடுத்து, அவர் பெயரில் டிக் வந்திருந்தால் 1, வராவிட்டால் 0, காட்டாதவரைத் தொடாதே. மொத்தம் ஆறு வரி. இந்த ஆய்வில் உருப்படியான ஒரே நிரல் அதுதான்.

மூட்டை வாங்கிப் போனவர்களின் டிக்கை யாரும் தவறுதலாக எடுத்துவிடக் கூடாது என்று அந்தப் பெட்டிகளை 'டிஸேபிள்டு', அதாவது தொட முடியாதவை ஆக்கியது என் அடுத்த சாமர்த்தியம். திரையில் சாம்பல் நிறத்தில், டிக்கோடு அழகாக நின்றன. சேமித்தால் அத்தனை பேரும் பணம் கட்டாதவர்கள். டிஸேபிள் செய்த எதையும் பிரவுசர் அனுப்பாது, டிக் இருந்தாலும் சரி. எழுத்துப் பெட்டியைத் திருத்த முடியாமல் பூட்டும் 'ரீட்ஒன்லி' செக்பாக்ஸுக்குச் செல்லாது. ஆக, பூட்ட வேண்டிய வரியில் பெட்டியைக் காட்டாமல் 'கட்டியாச்சு' என்று வெறும் எழுத்தாகக் காட்டினேன். அந்த வரியின் உறுப்பினர் எண்ணையும் படிவத்திலிருந்து எடுத்துவிட்டேன். கேட்காத கேள்விக்குப் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்த வருஷம் பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து 340 பேர் ஆனார்கள். வரிக்கு எண், பரப்பு, டிக் என மூன்று. மொத்தம் ஆயிரத்தைத் தாண்டக்கூடும். பிஹெச்பி ஒரு கோரிக்கையில் இயல்பாக 1000 ஃபீல்டு வரைதான் வாங்கும். மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டு எச்சரிக்கை ஒன்றைச் சர்வரின் லாக் கோப்பில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், படிவம் நிரப்பியவருக்குத் தெரியாது. வெட்டு ஒரு வரியின் நடுவில், எண்ணுக்கும் டிக்குக்கும் இடையில் விழுந்தால்? எண் வந்து, டிக் வராமல், அந்த ஒருவர் மட்டும் 'கட்டவில்லை' ஆகிவிடுவார். வரம்பை உயர்த்தினேன். அதோடு, உறுப்பினர் எண்ணை வரியின் தொடக்கத்திலிருந்து கடைசிக்கு நகர்த்தினேன். பிரவுசர் பக்கத்தில் உள்ள வரிசைப்படியே அனுப்புகிறது. எண் வந்து சேர்ந்ததென்றால் அதற்கு முந்திய டிக்கும் சேர்ந்திருக்கும்.

இப்போது இருப்பது

ரகம் கேட்கும் முதல் படிவத்தில் செக்பாக்ஸ் இன்றும் இருக்கிறது. நான்கில் பிடித்ததை எல்லாம் தொடு என்பதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. புதிதாகச் சேர்ந்த 'நாற்றங்கால் விட்டாச்சா' என்ற கேள்விக்கு மட்டும் ஆமாம், இல்லை என்று இரண்டு ரேடியோ பட்டன் வைத்தேன். இரண்டையும் தொடாதவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அதில் தனியாகத் தெரியும்.

பணத்துக்கு டிக்கே இல்லை. இத்தனை திருத்தத்துக்குப் பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால் நோட்டில் அக்கா ஒருநாளும் டிக் போட்டதில்லை. தேதி, தொகை, ரசீது எண், ரொக்கமா ஜிபேயா என்று ஒரு வரி எழுதுவார். திருப்பிக் கொடுத்தால் பழைய வரியை அடிக்க மாட்டார், கீழே இன்னொரு வரி எழுதுவார். இப்போது அப்ளிகேஷனிலும் அப்படியே. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'பணம் வரவு' என்று ஒரு பொத்தான்; அழுத்தினால் அந்த ஒருவருக்கு மட்டும் சின்னப் படிவம் திறக்கும்.

அக்கா இன்னும் முதலில் நோட்டில்தான் எழுதுகிறார். அப்புறம்தான் போனை எடுக்கிறார். நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.